உப்பு முன்னே, தண்ணீர் பின்னே

மாங்காய்க் காலத்தில் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மாங்காய்ப் பத்தை விற்பார்களே, அதை வாங்கியதும் தின்னாமல் கொஞ்ச நேரம் காகிதத்தோடு வைத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? உங்களால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது, தெரியும். பொறுத்திருந்தால் காகிதம் நனைந்து கிழிந்திருக்கும். மாங்காயின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு அந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம். ஒரு வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். பாதியை ஒரு தட்டிலும் மீதியை இன்னொரு தட்டிலும் பரப்புங்கள். ஒரு தட்டில் மட்டும் உப்பைத் தூவுங்கள். இன்னொன்றில் எதுவும் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் சாய்த்துப் பாருங்கள். உப்புப் போட்ட தட்டில் தண்ணீர் ஓடி வரும். உப்புப் போடாத தட்டு ஏறக்குறைய அப்படியே இருக்கும். துண்டுக்கு வெளியே உப்பு அதிகமாகிவிட்டதால், உள்ளே இருந்த தண்ணீர் அந்தப் பக்கம் வந்துவிட்டது. பாட்டியின் ஊறுகாய் ஜாடிக்குள் நடப்பதும் இதுதான்.

உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். இந்த ஒரு வரியை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோன ஒரு கொடிய நோயும், அதைக் கட்டிப்போட்ட மருந்தும் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன. அந்த நோயின் சூட்சுமத்தை அவிழ்த்தவர் கொல்கத்தாவில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியர். அதற்கு அவர் பயன்படுத்தியவற்றில் முக்கியமான பொருள் என்ன தெரியுமா? சில துண்டு நூல்!

காற்புள்ளி போல ஒரு கிருமி

நோயின் பெயர் காலரா. நம் ஊர்ப் பெரியவர்கள் வாந்திபேதி என்பார்கள். காலையில் வயலுக்குப் போனவர் இரவுக்குள் இறந்துபோவார் என்று அவர்கள் சொல்வது மிகையில்லை. காலரா வந்தவருக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போகும். அது வழக்கமான மலம் போலவே இருக்காது. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுப்பாக, லிட்டர் லிட்டராகப் போகும். நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூடப் போகலாம். கண் குழி விழும். விரல் நுனித் தோல் சுருங்கும். நாடி தளரும். உடம்பே வற்றிய குளம் போல ஆகிவிடும். வைத்தியம் கிடைக்காவிட்டால், கடுமையாக நோய் கண்டவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை.

1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா, கப்பலேறியும் கால்நடையாகவும் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் பிறகும் அலை அலையாக வந்துகொண்டே இருந்தது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருவில் இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரே அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்தார். நோய் தண்ணீர் வழியாக வருகிறது என்று தெரிந்தது. அதே ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பச்சினி, இறந்த நோயாளிகளின் குடலில் ஒரு நுண்ணுயிரைப் பார்த்தார். அவர் சொன்னதை உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், கல்கத்தாவுக்கே வந்து அந்தக் கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். கொல்கத்தாவுக்கு அப்போது அதுதான் பெயர். நுண்ணோக்கியில் அந்தக் கிருமி எப்படித் தெரிந்தது தெரியுமா? நீங்கள் வாக்கியத்தின் நடுவே போடும் காற்புள்ளி போலச் சற்றே வளைந்து இருந்தது.

குற்றவாளி பிடிபட்டுவிட்டான். கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் புதிரே தொடங்குகிறது.

பல நோய்க் கிருமிகள் இரத்தத்தில் புகுந்து உடம்பெங்கும் சுற்றும். காலராக் கிருமி அப்படிச் செய்வதில்லை. அது சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. இதயத்தைத் தொடுவதில்லை, மூளைக்குப் போவதில்லை. ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கிருமி எப்படி ஓர் ஆளையே ஒரே நாளில் சாய்க்கிறது? கிருமி ஏதோ நஞ்சை உண்டாக்குகிறது என்று கோக் ஊகித்தார். அதை நிரூபித்துக் காட்டத்தான் ஆள் இல்லை. அப்படியே 75 ஆண்டுகள் ஓடிவிட்டன.

கரிபாட்டிப் பையன்

வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்று ஒரு கிராமம். அங்கே 1915 பிப்ரவரி 1 அன்று பிறந்தவர் சம்புநாத் தே. அப்பா சிறு வியாபாரி. வருமானம் போதாது. பையன் படிப்பில் சுட்டி. உறவினர் கைகொடுத்தார், உதவித்தொகையும் கிடைத்தது. அப்படியே கல்கத்தா மருத்துவக் கல்லூரி வரை வந்துவிட்டார். 1939-இல் டாக்டர் பட்டம். 1942-இல் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய பட்டயப் படிப்பு.

டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப்பும் ஊசியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். தே தேர்ந்தெடுத்தது நோய்க்குறியியல். நோய் உடம்புக்குள் எந்தத் திசுவில் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்று துருவிப் பார்க்கிற துறை அது. மேற்படிப்புக்காக 1947-இல் லண்டன் போனார். யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனைக் கல்லூரியில் ராய் கேமரன் என்ற பெயர்பெற்ற பேராசிரியரிடம் சேர்ந்து, 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் எப்படிக் கசிகிறது என்ற கேள்வி. உடம்பில் தண்ணீர் எந்தச் சுவரைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கப் பழகிய கண்ணோடு அவர் ஊர் திரும்பினார். திரும்பிய ஊர் காலராவின் சொந்த ஊர். அவர் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்தார். அரிசி களைந்த தண்ணீர் போன்ற வயிற்றுப்போக்குடன் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கேள்வியும் வாசலிலேயே வந்து நின்றது.

எங்கே வைத்துப் பார்ப்பது?

ஒரு நோயை ஆராய, அதை ஒரு விலங்கில் உண்டாக்கிப் பார்ப்பார்கள். காலராவில் அது யாருக்கும் சரியாக வரவில்லை. கிருமியை விலங்கின் இரத்தத்தில் செலுத்தினார்கள். குடலைச் சுற்றியிருக்கும் வயிற்று அறையில் செலுத்தினார்கள். விலங்கு செத்தது. ஆனால் அதற்குக் காலரா வரவில்லை. அரிசி களைந்த தண்ணீர் எங்கும் காணோம். கிருமி செத்து உடையும்போது அதன் உடலிலிருந்து நஞ்சு கசிந்து இரத்தத்தில் கலக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

தே கேட்டது மிக எளிய கேள்வி. மனிதருக்கு நோய் வரும்போது இந்தக் கிருமி எங்கே இருக்கிறது? குடலுக்குள்ளே. அப்படியானால் அதைக் குடலுக்குள்ளே வைத்துத்தானே பார்க்க வேண்டும்? இரத்தத்தில் ஏன் செலுத்த வேண்டும்?

சரி, முயலுக்குக் கிருமியை வாய்வழியாகக் கொடுத்துவிடலாமே என்றால், வளர்ந்த முயலுக்கு அப்படிக் கொடுத்தாலும் காலரா வருவதில்லை. குடல் சும்மா கிடக்கும் குழாய் இல்லை. உள்ளே வந்ததை எல்லாம் அது நெளிந்து நெளிந்து முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓடுகிற ஆற்றில் பிடி விதையைத் தூவி, இங்கேயே முளை என்றால் முளைக்குமா?

இங்கேதான் நூல் வருகிறது. நீளமான பலூன் ஒன்றை எடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? இரண்டு கட்டுக்கும் நடுவில் தனியாக ஓர் அறை உண்டாகும். தே முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இப்படி இரண்டு பக்கமும் கட்டினார். அந்த அறைக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினார். அதே முயலின் குடலில் இன்னொரு துண்டையும் அதேபோலக் கட்டி, அதில் கிருமி இல்லாத திரவத்தைச் செலுத்தினார். பிறகு வயிற்றைத் தைத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தார்.

"பாவம் இல்லையா முயல்?" என்று உங்களில் யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய இன்று சட்டமும் கண்காணிப்புக் குழுக்களும் உண்டு. வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடக்கூடாது. தொட்டால் வலி தெரியாமல், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான விலங்குகளோடு செய்ய வேண்டும். அந்த முயல்களுக்கு மனிதக் குழந்தைகள் நிறையக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுநாள் திறந்து பார்த்தபோது, கிருமி இருந்த துண்டு புடைத்து, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி விம்மி நின்றது. உள்ளே இருந்தது, நோயாளிகளிடம் பார்த்த அதே வெளுத்த தண்ணீர். கிருமி இல்லாத துண்டோ சுருங்கி, வழக்கம்போலக் கிடந்தது.

உங்கள் இரண்டு வெள்ளரிக்காய்த் தட்டுகள் நினைவுக்கு வருகின்றனவா? இரண்டாவது துண்டு மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "கட்டிப் போட்டதால் வீங்கியிருக்கும். ஊசி குத்தியதால் வீங்கியிருக்கும்" என்று ஒதுக்கியிருப்பார்கள். கட்டும் அதேதான், ஊசியும் அதேதான், முயலும் அதேதான். வேறுபாடு கிருமி ஒன்றுதான். ஆகவே காரணமும் கிருமிதான். டி. என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து தே இந்தச் சோதனையை 1953-இல் வெளியிட்டார்.

திருடன் ஊரில் இல்லை

தே அங்கே நிற்கவில்லை. குடலில் சாதாரணமாகவே வாழும் ஈ-கோலை என்ற பாக்டீரியாவை உங்கள் உயிரியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் சாதுவான உயிர். ஆனால் வயிற்றுப்போக்கு வந்தவர்களிடமிருந்து எடுத்த சில ஈ-கோலை வகைகளும் முயல் குடலின் துண்டை இதேபோல வீங்கவைத்தன. 1956-இல் தேயும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சொன்னார்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஈ-கோலையின் சில வகைகளும் காரணம் என்பது இன்று எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் தெரியும்.

பெரிய கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. குடலை வீங்கவைப்பது கிருமியா, கிருமி விடும் ஏதாவது பொருளா?

டீ வடிகட்டுவதைப் பாருங்கள். தூள் மேலே நின்றுவிடும், டீ கீழே இறங்கிவிடும். பாக்டீரியாவும் நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டிகள் ஆய்வகத்தில் உண்டு. காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை அப்படி வடிகட்டினால், கீழே வருவதில் ஒரு கிருமிகூட இருக்காது. கிருமி வெளியே விட்ட பொருள்கள் மட்டும் கரைந்து இருக்கும். தே இந்தத் திரவத்தைக் கட்டிய குடல் துண்டுக்குள் செலுத்தினார்.

மறுநாள் அதுவும் புடைத்திருந்தது!

திருடன் ஊரிலேயே இல்லை, திருட்டு மட்டும் நடந்திருக்கிறது. அப்படியானால் திருடன் ஏதோ ஆளை ஏவிவிட்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? காலராக் கிருமி செத்து உடைந்து நஞ்சாவதில்லை. உயிரோடு இருக்கும்போதே எச்சில் துப்புவதுபோல ஒரு நச்சை வெளியே விடுகிறது. அந்த நச்சு இரத்தத்துக்குப் போய் வேலை செய்வதில்லை, குடலின் சுவரிலேயே வேலையைக் காட்டுகிறது. 1959 மே மாதம் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் தே இதை எழுதினார். 75 ஆண்டுப் புதிருக்கு விடை சொன்ன கட்டுரை இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை.

அதே 1959-இல் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவருடைய குழுவினரும் வேறு பாதையில் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். முயல் குட்டிகளுக்குக் காலராக் கிருமியிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒரே நாட்டில் இரண்டு ஊர்களில் இரண்டு குழுக்கள், ஒரே ஆண்டில், ஒரே விடை. அந்த நச்சைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1969-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டைனும் ஜோசப் லோஸ்பலுட்டோவும்.

சுவர் இடியவில்லை, குழாய் திறந்துவிட்டது

இந்த நச்சு என்ன செய்கிறது? இனி நம் மாங்காய்க் கதைக்குத் திரும்பலாம்.

நம் சிறுகுடலின் உட்சுவர் முழுக்கச் செல்கள் ஓடு பதித்தாற்போல அடுக்கி நிற்கின்றன. உணவுக்குழம்பிலிருந்து சத்தையும் உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. தேவையான அளவு உப்பையும் நீரையும் குடலுக்குள் விடுவதும் அவைதான். காலரா நச்சுக்கு ஐந்து கைகளும் ஒரு கத்தியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கைகளாலும் செல்லின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. கத்திப் பகுதி உள்ளே நுழைகிறது. நுழைந்து, செல்லில் உப்பை வெளியே விடும் குழாயைத் திறந்து, மூட முடியாதபடி செய்துவிடுகிறது.

உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் ஊற்றாகப் பெருகுகிறது. அரை மணி நேரத்தில் வெள்ளரிக்காய்த் தட்டில் நீங்கள் பார்த்தது இங்கே ஒரு மனிதருக்குள் நடக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் இதில் ஒளிந்திருந்தது. குடலின் உட்சுவர் பொசுங்கி உரிந்துவிடுவதால்தான் தண்ணீர் போகிறது என்று பழைய மருத்துவர்கள் நினைத்தார்கள். 1960-இல் தாய்லாந்து நோயாளிகளின் குடலிலிருந்து கிள்ளியெடுத்த சிறு துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உட்சுவர் உரியாமல் முழுசாக இருந்தது. சுவர் இடியவில்லை. ஒரு குழாய் மட்டும் திறந்துகிடக்கிறது. அப்படியானால் அந்தச் சுவரின் மற்ற கதவுகள் இன்னும் வேலை செய்யுமா?

சர்க்கரை தட்டினால் கதவு திறக்கும்

செய்யும். குடல் செல்லில் இன்னொரு கதவு இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்தே உள்ளே போகிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் விளக்கினார். காலரா நச்சு இந்தக் கதவைக் கெடுப்பதில்லை.

இப்போது நீங்களே முடித்து வையுங்கள். நோயாளிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தால்? சர்க்கரை உப்பை உள்ளே அழைத்துப் போகும். உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும். எந்த வழியில் உயிர் போனதோ, அந்த வழியிலேயே அதைத் திருப்பி அழைத்து வரலாம்! 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் காலரா நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள்.

பெரிய சோதனை 1971-இல் வந்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். எல்லையோர ஊரான போங்காவில் காலரா புகுந்தது. மருத்துவமனையில் கட்டில் போதவில்லை, தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அங்கே இருந்தவர் திலீப் மகலனோபிஸ் என்ற மருத்துவர். 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் போடச் செய்தார். பெரிய பீப்பாய்களில் கரைத்து, அம்மாக்களிடமும் அண்ணன்மார்களிடமும் கொடுத்து, குவளை குவளையாகப் புகட்டச் சொன்னார். முன்பு 100 பேருக்கு 30 பேர் இறந்த இடத்தில், அவர் பார்த்துக்கொண்ட நோயாளிகளில் 100-க்கு 4 பேருக்கும் குறைவானவர்களே இறந்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதன் கதை இதுதான். பொட்டலம் கையில் இல்லாத அவசரத்துக்கு வீட்டில் செய்வது, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவில் கவனம் வேண்டும். உப்பைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்? நம் வரியை வைத்து நீங்களே யோசியுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டே கலக்குங்கள். போக்கு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

காலரா இன்னும் உலகை விட்டுப் போகவில்லை. 1992-இல் நம் சென்னையில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வகைக் காலராக் கிருமி தலைகாட்டியது. பழைய நோயில் பிழைத்த பெரியவர்களையும் அது விடவில்லை. காரணம், கிருமி மேல்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தது. நம் உடம்பின் காவலர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள். சட்டைதான் புதிது. துப்பிய எச்சில் தே சொன்ன அதே நச்சு. அதனால் அதற்கும் அதே உப்புச் சர்க்கரைக் கரைசல் கேட்டது.

யாரும் கூப்பிடாத பேராசிரியர்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு என்னென்ன பரிசு கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இந்தியாவில் எந்தப் பெரிய பரிசும் அவருக்குக் கொடுக்கவில்லை. நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் உயிரோடு இருந்தவரை அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராக வேலை பார்த்தார். அந்த நச்சைத் தனியே பிரித்தெடுக்க அவரும் முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகள் அவரிடம் இல்லை. 1973-இல் ஓய்வு பெற்றார். ஆனால் அவருடைய நூல் கட்டிய முயல் குடல் சோதனையை உலகெங்கும் ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டன. அவர் பெயரைத் தெரியாமலேகூடப் பலர் அதைச் செய்தார்கள்.

தெரிந்தவர்களும் இருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், தேயின் பெயரை நோபல் பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். பரிசு கிடைக்கவில்லை. 1978-இல் நோபல் அறக்கட்டளை ஸ்டாக்ஹோமில் வயிற்றுப்போக்கு நோய்கள் பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. அறுபத்து மூன்று வயதில் போனார். 1960-களிலேயே தான் செத்துப்போய்விட்டதாகவும், நீங்கள்தான் தோண்டி எடுத்து மறுபடி உயிர் கொடுத்தீர்கள் என்றும் அங்கே பேசினாராம். சிரிக்கச் சொன்னதா, வலியில் சொன்னதா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

1985 ஏப்ரல் 15 அன்று அவர் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

மைக்ராஸ்கோப் வேண்டும், பெரிய ஆய்வகம் வேண்டும், அப்புறம்தான் விஞ்ஞானி என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். சம்புநாத் தேயிடம் இருந்தது, கிருமி எங்கே வேலை செய்கிறதோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம். அப்புறம் நூல். அப்புறம், கிருமி செலுத்தாத அந்த இன்னொரு குடல் துண்டு.

இன்று சாயங்காலம் வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தூவும்போது, இரண்டாவது தட்டு எதற்கு, வீணாக என்று வீட்டில் யாராவது கேட்கலாம். அதையும் சேர்த்தே வையுங்கள். உப்புப் போடாத தட்டைப் பார்க்காமல், உப்புதான் தண்ணீரை இழுத்தது என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?